பழனி மலைக்கு அரைநாள்: ரோப்காரா, வின்ச்சா, படியா?

பழனி மலைக்கோயிலுக்கு அடிவாரத்திலிருந்து ஏறிச் செல்லப் படிப்பாதை, யானைப்பாதை, தண்டவாளத்தில் இரும்பு வடத்தால் இழுக்கப்படும் வின்ச், வடத்தில் தொங்கியபடி அந்தரத்தில் செல்லும் ரோப்கார் என நான்கு வழிகள் உள்ளன. நாள் முழுவதும் பழனியிலேயே தங்கப் போகிறவர்களுக்கு இந்த நான்கில் எது என்பது பெரிய கேள்வி அல்ல. ஒன்று நின்றால் இன்னொன்றில் ஏறலாம், கூட்டமாக இருந்தால் மண்டபத்தில் உட்கார்ந்து காத்திருக்கலாம். கொடைக்கானல் மலையிலிருந்து காலையில் இறங்கி, சுவாமி தரிசனம் முடித்து, இருட்டுவதற்குள் மலைப்பாதையில் திரும்பி ஏறிவிட வேண்டிய என் போன்றவர்களுக்கு அப்படி இல்லை. கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையிலிருந்து முழங்கால் தேய்மானம் உள்ள என் அம்மாவை அழைத்துக்கொண்டு இந்த அரைநாள் பயணத்தைத் திட்டமிட்டபோது ரோப்காரையும் வின்ச்சையும் நெடுநேரம் எடைபோட்டுப் பார்த்து, இறுதியில் வின்ச்சைத் தேர்ந்தெடுத்தேன். இப்போதும் யாராவது கேட்டால் அதையே சொல்வேன்.

எல்லோரும் முதலில் கேட்பது பயண நேரத்தைத்தான். ரோப்காரில் ஏறினால் சுமார் மூன்று நிமிடத்தில் மேலே இறங்கிவிடலாம். வின்ச்சில் ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆகும். படிப்பாதையில் 690 படிகளுக்குக் குறையாது என்பதால் உடல் வாகைப் பொறுத்து அரை மணியோ அதற்கு மேலோ பிடிக்கும். ரோப்காருக்கும் வின்ச்சுக்கும் இடையிலான அந்த ஐந்து நிமிட வேறுபாட்டை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும் நேரத்தின் முன்னால் அது ஒன்றுமே இல்லை.

அரைநாள் பயணத்தின் கணக்கு வேறு விதமாக ஓடுகிறது. மலையிலிருந்து புறப்படும் காலைப் பேருந்து கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து பழனிக்கு வந்து சேரவும், அடிவாரத்தில் திருஆவினன்குடி கோயிலில் முதலில் வணங்கிவிட்டு மலையைச் சுற்றிச் செல்லும் கிரிவீதிக்கு வரவும் பத்து மணி ஆகிவிடும். மேலே சென்று வரிசையில் நின்றால், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நடைபெறும் உச்சிக்கால பூஜையை ஒட்டித்தான் சன்னிதியை நெருங்க முடிகிறது. பூஜை முடிந்து, தண்டாயுதபாணியைக் கண்குளிரத் தரிசித்து, பிராகாரத்தில் போகர் சமாதியையும் வணங்கிப் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு இறங்க வரும்போது மணி ஒன்றரையைத் தொட்டுவிடும். ரோப்கார் பொதுவாக நாள்தோறும் நண்பகல் 1.30 மணி முதல் 2.30 மணி வரை பராமரிப்புக்காக நிறுத்தப்படுவது வழக்கம். அதாவது, உச்சிக்கால தரிசனத்தை மனத்தில் வைத்து வருகிற அரைநாள் பயணிக்கு, இறங்க வேண்டிய அதே நேரத்தில் ரோப்கார் நின்றிருக்கும். மாலை வரை இருந்து சாயரட்சையில் ராஜ அலங்காரம் பார்த்துவிட்டு இறங்குபவருக்கு இந்த ஒரு மணி நேரம் கண்ணிலேயே படாது. மூன்று நான்கு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடக்கூடிய மலைப்பாதையில் வீடு திரும்ப வேண்டியவருக்கோ அந்த ஒரு மணி நேரம்தான் முழு நாளையும் தீர்மானிக்கிறது.

நாள்தோறும் வரும் இந்த நிறுத்தம் ஒரு தொடக்கம்தான். ரோப்காருக்கு மாதத்தில் ஒரு நாள் முழுப் பராமரிப்பு உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை ஏறத்தாழ ஒரு மாதமும், சில ஆண்டுகளில் அதற்குச் சற்று மேலாகவும், முற்றிலும் நிறுத்திவைத்து வடம், உருளைகள், தாங்கிகள், பெட்டிகள் என ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத் தேய்ந்ததை மாற்றுகிறார்கள். அந்த ஆண்டுப் பராமரிப்பு எந்த மாதத்தில் வரும் என்பதும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. பணி முடிந்த பிறகும் உடனே பயணிகளை ஏற்றுவதில்லை. பெட்டிகளில் எடைக்கற்களை வைத்துச் சோதனை ஓட்டம் விட்டு, வல்லுநர்கள் ஒப்புதல் தந்த பின்னரே திறக்கிறார்கள். 2004இல் தொடங்கப்பட்ட இந்த ரோப்காரில் 2007இல் உயிரிழப்பு ஏற்பட்ட விபத்து ஒன்று நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள், இத்தனை கண்டிப்பு ஏன் என்று கேட்க மாட்டார்கள். நானும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ளப்படுவதால்தான் அதில் ஏறுவதற்கு அச்சப்பட வேண்டியதில்லை என்று நம்புகிறேன். ஆனால் பாதுகாப்புக்காக அடிக்கடி நிறுத்தப்படும் ஒரு வண்டி, கையில் நேரமில்லாதவருக்கு உகந்த வண்டி அன்று.

வின்ச்சுக்கும் பராமரிப்பு இல்லாமல் இல்லை. அதுவும் இரும்பு வடத்தால் இழுக்கப்படும் வண்டிதான். அதுவும் மாதந்தோறும் ஆண்டுதோறும் நிறுத்திப் பார்க்கப்படுகிறது. வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, வின்ச் பெட்டியின் எடையை மலைச்சரிவில் பதித்த தண்டவாளம் தாங்குகிறது, வடத்தின் வேலை இழுப்பது மட்டுமே. ரோப்காரில் பெட்டியைத் தாங்குவதும் வடம், நகர்த்துவதும் வடம். அந்தரத்தில் தொங்கும் பெட்டியின் முழுப் பொறுப்பையும் சுமக்கிற வடத்தில், வெளியே தெரியாமல் உள்ளே ஓர் இழை தேய்ந்திருந்தாலும் அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். பெட்டியைப் பிடித்திருக்கும் கவ்விகளையும், வடம் உருண்டு ஓடும் ஒவ்வோர் உருளையையும் சோதித்தாக வேண்டும். ஆகவே அதன் பராமரிப்பு இயல்பிலேயே நீண்டது.

இரண்டாவது வேறுபாடுதான் என் முடிவைத் தீர்மானித்தது. 1966இல் முதல் வின்ச் ஓடத் தொடங்கிய பிறகு பிற்காலத்தில் மேலும் இரண்டு சேர்க்கப்பட்டு, இன்று மூன்று வின்ச் பாதைகள் இருக்கின்றன. ஒன்றைப் பராமரிப்புக்கு நிறுத்தினாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். வரிசை நீளுமே தவிர, வழி அடைபடாது. ரோப்கார் ஒன்றே ஒன்றுதான். அதன் எந்திரம் நின்றால் ரோப்கார் என்ற வழியே அன்றைக்கு இல்லை. கிணற்றில் ஒரே வாளியும் ஒரே கயிறும் வைத்திருக்கிற வீட்டில் கயிறு அறுந்த நாளில் நீர் இல்லை என்பது போலத்தான் இது. வேகம், சொகுசு, காட்சி ஆகிய எல்லாவற்றுக்கும் மேலாக, வயதானவருடன் வரும்போது நான் பார்ப்பது மாற்று இருக்கிறதா என்பதைத்தான்.

இதனோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடி மாதங்களில் பழனிச் சமவெளியிலும் காற்று வலுவாக வீசுகிறது. காற்று மிகும்போது தொங்கும் பெட்டிகள் ஆடும் என்பதால் ரோப்காரை நிறுத்திவிடுகிறார்கள். எப்போது மீண்டும் இயக்குவார்கள் என்பது காற்று தணிவதைப் பொறுத்தது. காலையில் ரோப்காரில் ஏறிச் சென்றவர், நண்பகலில் அதிலேயே இறங்கலாம் என்று உறுதியாக நம்ப முடியாத மாதங்கள் இவை. தண்டவாளத்தில் அமர்ந்து செல்லும் வின்ச்சைக் காற்று அப்படித் தடுப்பதில்லை. மழையும் இடியுமான நாளில் வின்ச்சில் செல்ல நேர்ந்ததில்லை என்பதால் அது குறித்து என் அனுபவத்திலிருந்து சொல்ல எதுவுமில்லை.

ரோப்காருக்குச் சேர வேண்டிய பெருமையையும் கொடுத்தாக வேண்டும். மேலே எழும்பும்போது ஒரு புறம் இடும்பன் மலையும், கீழே நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும், தெற்கே வானத்தை மறித்து நிற்கும் நம் பழனி மலைத்தொடரும் ஒரே வீச்சில் கண்ணுக்குள் வருகின்றன. மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, நான் வாழும் மலை கீழேயிருந்து இத்தனை பெரிதாகத் தெரிகிறதே என்ற வியப்பு ஒவ்வொரு முறையும் உண்டாகிறது. வின்ச் பாறைகளுக்கும் மரங்களுக்கும் இடையே சரிவை ஒட்டியே ஏறுவதால் இந்தக் காட்சி அதில் கிடைக்காது. குழந்தைகள் ரோப்காரைத்தான் கேட்பார்கள்; என் தம்பி மகனும் அதைத்தான் கேட்டான். என்றாலும், மேலே வெளிப் பிராகாரத்தில் நின்றால் வையாபுரிக் குளம் முதல் மலைத்தொடர் வரை அனைத்தையும் விரும்பும் நேரம் வரை நின்று பார்க்கலாம், அதற்குச் சீட்டு எதுவும் தேவையில்லை.

வரிசையைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுத் தயக்கத்துடன்தான் வருகிறது. ரோப்காரின் சிறு பெட்டிகளைவிட வின்ச் பெட்டி ஒரே முறையில் அதிகம் பேரை ஏற்றிச் செல்வதால், வின்ச் வரிசை நீளமாகத் தெரிந்தாலும் கட்டுக்கட்டாக நகர்கிறது. ஆனால் இது சாதாரண வார நாள்களில் பார்த்தது. தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் பாதயாத்திரைக் கூட்டம் மலையை நிறைக்கும்போது எந்த வரிசை எவ்வளவு நேரம் என்று நான் கணித்துச் சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சாகிவிடும். அந்த நாள்களில் அரைநாள் பயணமாக வருவதையே தவிர்ப்பது நல்லது.

ஏறுவது ஒன்றில், இறங்குவது இன்னொன்றில் என்று கலந்து செல்ல நினைப்பவர்கள் கைப்பேசியை மறந்துவிடக் கூடாது. 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குக் கைப்பேசி கொண்டு செல்லத் தடை இருக்கிறது. கீழே ஒப்படைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். வின்ச் நிலையம் மேற்குக் கிரிவீதியில் இருக்கிறது. ரோப்கார் நிலையமும் படிப்பாதைத் தொடக்கமும் கிரிவீதியின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கின்றன. ஓரிடத்தில் கைப்பேசியையும் செருப்பையும் விட்டு வேறிடத்தில் இறங்கினால், வெறுங்காலுடன் கிரிவீதியில் நடந்து வந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். கிரிவீதியில் வெளி வாகனங்கள் 2024 முதல் அனுமதிக்கப்படாததால் ஆட்டோ பிடித்து வந்துவிடலாம் என்ற எண்ணமும் உதவாது; கோயில் நிர்வாகம் இயக்கும் வண்டிகளுக்குக் காத்திருக்க வேண்டும். இளைஞர்களுக்கு இது சிறு அலைச்சல். முழங்கால் வலியுள்ளவருக்கு, வண்டியில் ஏறி மிச்சப்படுத்திய நடை முழுவதும் சூடான சாலையில் திரும்பி வந்துவிடும். ஆகவே எதில் ஏறுகிறோமோ அதிலேயே இறங்க முடியும் என்ற உறுதி தேவைப்படுகிறது. அந்த உறுதியை வின்ச்சே அதிகம் தருகிறது.

படிப்பாதையை நான் குறைத்து மதிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். உடல் இடம் கொடுக்கிறவர்கள் ஏறும் வழியாகப் படியையே கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். சிவகிரி, சக்திகிரி என்ற இரு மலைகளைக் காவடியாகச் சுமந்து வந்த இடும்பனின் சன்னிதி படிப்பாதையில்தான் இருக்கிறது. அவனை வணங்கிவிட்டு முருகனிடம் செல்வதுதான் மரபு. வின்ச்சிலும் ரோப்காரிலும் செல்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை. அடிவாரத்தில் பாத விநாயகரை வணங்கிப் புறப்பட்டால், மஞ்சள் குங்குமமிட்டுப் படி பூஜை செய்துகொண்டே ஏறும் குடும்பங்களையும், தோளில் காவடியுடன் செல்பவர்களையும் கூடவே காணலாம். ஏறிச் செல்கிற உழைப்பும் வழிபாட்டின் பகுதி என்பது அங்கேதான் விளங்குகிறது. யானைகள் ஏறுவதற்காக அமைந்த யானைப்பாதை சரிவு குறைந்தது. மூச்சு வாங்குபவர்களுக்குப் படியைவிட அது எளிது. கூட்டம் மிகுந்த நாள்களில் யானைப்பாதையில் ஏறிப் படிப்பாதையில் இறங்கும்படி ஒருவழியாக்கிவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: முழங்கால் மூட்டுக்கு ஏறுவதைவிடப் படி இறங்குவதே அதிகச் சுமை. ‘ஏறும்போது வின்ச்சில் போவோம், இறங்குவது எளிதுதானே, நடந்தே வந்துவிடலாம்’ என்று அம்மாக்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

2024இல் சோளிங்கர் யோக நரசிம்மர் கோயிலுக்கும் அய்யர்மலை இரத்தினகிரீசுவரர் கோயிலுக்கும் ரோப்கார் வந்திருக்கிறது. சோளிங்கரில் 1,305 படிகள், அய்யர்மலையில் ஆயிரத்துக்கும் மேல். அங்கே ரோப்கார் இல்லையென்றால் முதியவர்களுக்குப் படியையோ டோலியையோ விட்டால் வேறு வழி இல்லை என்பதால், ரோப்காரைத் தவிர்க்கும்படி யாரும் சொல்ல முடியாது. பழனியில் அறுபது ஆண்டுகளாகத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு வழி பக்கத்திலேயே இருப்பதால்தான் இந்த ஒப்பீடு பொருள் பெறுகிறது.

ரோப்காரை எப்போது தேர்ந்தெடுப்பேன் என்றால், காற்று அடங்கிய மாதத்தில், வார நாளில், காலையிலேயே ஏறி உச்சிக்காலத்துக்குக் காத்திராமல் பதினொரு மணிக்குள் இறங்கிவிட முடிகிற நாளில். காற்று அடங்கும் கார்த்திகையும் மார்கழியும் சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்கள் பழனியில் குவியும் மாதங்கள் என்பதால் அப்படியொரு நாள் அமைவது அரிது. மாசியில் தைப்பூசக் கூட்டம் ஓய்ந்து பங்குனி உத்திரக் கூட்டம் தொடங்குவதற்கு இடைப்பட்ட வாரங்களில் முயன்று பார்க்கலாம். எந்த மாதமாக இருந்தாலும், மாதப் பராமரிப்பு நாளும் ஆண்டுப் பராமரிப்புத் தேதிகளும் கோயில் நிர்வாகத்தால் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு நாளிதழ்களில் வருகின்றன. மலையிலிருந்து பேருந்து ஏறுவதற்கு முன்பே அவற்றைப் பார்த்துவிடுங்கள். அந்தத் தேதிகளுக்குள் வருகிறீர்கள் என்றால் கிரிவீதியில் நேராக மேற்குப் பக்கம் சென்று வின்ச் வரிசையில் நில்லுங்கள்.