நடுத்தடுப்பு வைத்த 4 அடிப் பாம்புத் தொட்டி: ஒன்றுக்கு அருமை, இரண்டுக்கு வேண்டாம்

தடுப்பைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு பால் பைதானுக்கு (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு வகை) வைத்தால் நல்ல தொட்டி. கதவு இறுக்கமாக மூடுகிறது, பூட்டும் உறுதி.

நடுவில் தடுப்பு இருப்பதால் 'இரண்டு பாம்பு வளர்க்கலாம்' என்று சொல்லி விற்பதுதான் தவறு. ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) ஒரு ஓரத்தில் மட்டும்தான். அந்தப் பாதி 32 டிகிரி என்றால் மறுபாதி 25-ஐத் தாண்டாது. அங்கிருக்கும் பாம்புக்கு இரை சரியாகச் செரிக்காமல் போகலாம், கக்கிவிடவும் கூடும். தடுப்போரம் சுண்டுவிரல் நுழைகிறது. கார்ன் ஸ்நேக் (மெல்லிய உடல்கொண்ட வளர்ப்புப் பாம்பு) குட்டிக்கு அது போதும், தலை போனால் உடலும் போய்விடும்.

தடுப்பில்லாமல் சேர்த்து விடுவது இன்னும் மோசம். ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடப்பது பாசமல்ல, சூடான இடத்துக்கான போட்டி. கக்கிய எலி கிடந்தால் எது கக்கியது என்றே தெரியாது. ஒன்று கிங் ஸ்நேக் (மற்ற பாம்புகளையும் தின்னும் இனம்) என்றால், உடனிருக்கும் பாம்பையே விழுங்கிவிடக்கூடும்.

இரண்டு பாம்புக்கு இரண்டு தொட்டி, இரண்டு தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்குங்கள்.