ஒற்றைப் பக்கப் பெடல்: எஸ்பிடி-எஸ்எல், கீயோ, எஸ்பிடி. எதை மாட்டுவது?

ஷூவின் அடியில் திருகி வைக்கும் சின்னத் துண்டுக்குக் கிளீட் என்று பெயர். அது பெடலில் பூட்டிக்கொள்ளும். ஒற்றைப் பக்கப் பெடலில் அந்தப் பூட்டு ஒரு பக்கம் மட்டும்தான். முதலில் ஷூவைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மூன்று ஓட்டைகள் முக்கோணமாக இருந்தால் அது பெரிய பிளாஸ்டிக் கிளீட்டுக்கான ஷூ. பள்ளத்துக்குள் நீளவாக்கில் இரண்டு காடிகள் இருந்தால் சின்ன இரும்புக் கிளீட்டுக்கானது. ரோடு பைக்குக்குப் பெடல் வாங்கும் பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பெடல் ஒரு பெட்டியிலும் ஷூ இன்னொரு பெட்டியிலும் வந்து இறங்கிய பிறகு, இரண்டும் சேராது என்று தெரிகிறது.

மூன்று ஓட்டை ஷூ என்றால் பெரும்பாலும் இரண்டு பேர்தான் போட்டியில் இருப்பார்கள்: ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல், லுக்கின் கீயோ. இரண்டு காடி ஷூ என்றால் ஷிமானோவின் எஸ்பிடி. எஸ்பிடியை மலைப்பாதை சைக்கிளுக்கான இருபக்கப் பெடலாகவே பலர் பார்த்திருப்பார்கள். ரோடு பைக்குக்கென்று அதிலும் ஒற்றைப் பக்க மாடல்கள் உண்டு. பிடி-இஎஸ்600 அப்படி ஒன்று. இந்த அலசலில் நான் சாயப்போவதும் அந்தப் பக்கம்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

"ஒரு பக்கம்தான் மாட்டும் என்றால், கால் வைக்கும் நேரம் பெடல் புரண்டு கிடந்தால் என்ன செய்வது?" புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது இது. பெடலின் பின்பக்கம் வில்லும் பூட்டும் இருப்பதால் கனம். காலை எடுத்ததும் அந்தப் பின்பக்கம் கீழே தொங்கி, மூக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அதே கோணம்தான். ஷூவின் முனையை அந்த மூக்கில் வைத்து லேசாக முன்னால் தள்ளினால் பெடல் படுத்துவிடும். கிளீட்டின் முன் உதடு கொக்கியில் விழும். குதிகாலை அழுத்தினால் 'டக்'. இரண்டே வாரத்தில் குனிந்து பார்க்காமல் செய்ய வந்துவிடும். இருபக்கப் பெடலில் பக்கம் தேட வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் கால் எங்கே பதியும் என்பது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். புத்தம் புதிய பெடலில் கிரீஸும் சீலும் இறுக்கமாக இருக்கும். தானாகத் தொங்காமல், விட்ட இடத்திலேயே நிற்கும். முதல் நாள் சிக்னலில் பச்சை விழுந்து, நான் பெடலின் முதுகில் கால் வைத்து வழுக்கிக்கொண்டிருக்க, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். பெடலில்தான் கோளாறு என்று நினைத்தேன். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் தானாக இளகிவிட்டது.

எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க நினைக்கிறவர்களுக்கு: ஷிமானோவின் 105 வரிசையில் வரும் ஆர்7000 எஸ்பிடி-எஸ்எல் பெடல் ஜோடி 265 கிராம். ஒற்றைப் பக்க இஎஸ்600 ஜோடி 279 கிராம். இருபக்க எஸ்பிடியான எம்520 ஜோடி 380 கிராம். ஒரு பக்கத்துப் பூட்டை எடுத்தாலே நூறு கிராம் குறைகிறது. அதற்குப் பிறகு எஸ்பிடிக்கும் எஸ்பிடி-எஸ்எல்லுக்கும் இருப்பது 14 கிராம் வித்தியாசம். தண்ணீர் பாட்டிலில் ஒரு மடக்குக் குறைத்து ஊற்றினால் சரியாகிவிடும்.

உண்மையான வித்தியாசம் இறங்கி நடக்கும்போது தெரியும். எஸ்பிடி-எஸ்எல், கீயோ இரண்டின் கிளீட்டும் ஷூ அடியிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். கால்விரல்களைத் தூக்கிக் குதிகாலில் வாத்துபோல நடக்க வேண்டும். ஈரமான வழவழப்புத் தரையில் அது பனிச்சறுக்குதான். லுக் நிறுவனம் பனிச்சறுக்குப் பூட்டு செய்தவர்கள், 1984-இல் அதே உத்தியைப் பெடலுக்குக் கொண்டுவந்தவர்கள் என்பது அப்போது பொருத்தமாகவே தோன்றும். (அடுத்த ஆண்டே பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்றார். அதுவரை காலைப் பெடலோடு கட்டிவந்த தோல்வாரை மற்றவர்கள் கழற்றிப் போட அது போதுமாக இருந்தது.) எஸ்பிடி கிளீட் ஷூவின் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே பள்ளத்தில் புதைந்திருக்கும். படியேறலாம், கடைக்குள் போகலாம், செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளவும் செய்யலாம்.

நடை கிளீட்டையும் தின்கிறது. ஷிமானோ கிளீட்டின் மூலைகளில் இருக்கும் மஞ்சள் பட்டைகள் தரையைத் தொடுகிற பகுதி. அந்த நிறம் அழிந்து கீழே கறுப்பு தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கீயோ கிளீட்டில் வழுக்காமலிருக்க ரப்பர் ஒட்டிய ரகமும் உண்டு. நான் பார்த்தவரை தேய்மானத்தில் ஷிமானோ கிளீட்தான் கூடுதல் நாள் தாங்குகிறது. எஸ்பிடியின் இரும்புக் கிளீட்டோ பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு உழைக்கும்.

எஸ்பிடி-எஸ்எல்லும் கீயோவும் ஷூவில் ஒரே மூன்று ஓட்டையில்தான் உட்காரும். ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் மாட்டாது. இதைவிட மோசமான பொறி நிறத்தில் இருக்கிறது. கால் மாட்டியிருக்கும்போதே குதிகால் பக்கவாட்டில் கொஞ்சம் ஆட இடம் உண்டு. அதற்கு ஃப்ளோட் என்று பெயர். ஷிமானோவில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பு 0. கீயோவில் சிவப்பு 9, சாம்பல் 4.5, கறுப்பு 0. ஒன்றில் சிவப்பு ஆணியடித்த மாதிரி; மற்றதில் அதுவே அதிகம் ஆடுவது. கீயோவில் சிவப்புக் கிளீட் போட்டுப் பழகிய நான், ஷிமானோவுக்கு மாறியபோது கண்ணை மூடிக்கொண்டு சிவப்பையே வாங்கினேன். மூன்றாவது நாள் வலது முழங்காலின் உள்பக்கம் பிடித்துக்கொண்டது. சீட் உயரத்தை ஏற்றி இறக்கி ஒரு வாரம் வீணானது. அதன் பிறகுதான் நிற அட்டவணையைப் பார்த்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மஞ்சளில் தொடங்குங்கள். கீயோ என்றால் சாம்பல் அல்லது சிவப்பு.

கால் எவ்வளவு எளிதில் கழலும் என்பது வில்லின் இறுக்கத்தைப் பொறுத்தது. அதை மாற்றுவதில் எனக்கு ஷிமானோவைத்தான் பிடிக்கும். ஆலன் கீயால் ஒரு திருகைத் திருப்பினால் போதும். கீயோ கிளாசிக்கிலும் திருகு இருக்கிறது. மேல்வரிசையான கீயோ பிளேடில் வில்லுக்குப் பதில் கார்பன் தகடு. இறுக்கம் மாற்ற தகட்டையே மாற்ற வேண்டும். பந்தயம் ஓடுகிறவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. கற்றுக்கொள்கிறவர்களுக்கு வேண்டாத தலைவலி.

பிளாஸ்டிக் கிளீட் பக்கம் சொல்ல வேண்டிய நல்லதும் இருக்கிறது. பரப்பு பெரிது. மூன்று, நான்கு மணி நேரம் தொடர்ந்து மிதித்தால் எஸ்பிடியின் சின்ன இரும்பின் மேல் பாதத்தில் ஒரே இடம் எரியத் தொடங்கலாம். மெத்தென்ற அடியுள்ள ஷூவில் அது நிச்சயம் தெரியும். விறைப்பான அடியுள்ள ஷூவில் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் எஸ்பிடிக்குப் போகிறவர்கள் பெடலில் மிச்சம் பிடித்த பணத்தை ஷூவில் போடலாம்.

ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் தட்டை என்று வரும் இஎச்500 போன்றவை செருப்புப் போட்டும் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு. ரோடு பைக்கில் அது என்னை எரிச்சல்படுத்தும். வேண்டிய பக்கம் ஒருபோதும் மேலே வராது. ஸ்பீட்பிளே என்ற இன்னொரு ரோடு பெடல் வகை பெரும்பாலும் இருபக்கப் பெடல் என்பதால் இங்கே பேசவில்லை.

ஆக என் கணக்கு இப்படி. வீட்டில் ஏறி வீட்டில் இறங்குகிற, நடுவில் கால் தரையில் படாத ஓட்டம் என்றால் எஸ்பிடி-எஸ்எல், மஞ்சள் கிளீட். கூட ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கீயோ என்றாலோ, கையில் ஏற்கெனவே கீயோ கிளீட் இருந்தாலோ கீயோ எடுங்கள், இழப்பு ஒன்றுமில்லை. மேல்தட்டில் எஃகுத் தகடு பதித்த மாடலாகப் பார்த்து எடுங்கள், வெறும் பிளாஸ்டிக் உடல் நாளடைவில் தேய்ந்து காலை ஆடவிடும். வேலைக்குப் போகிறவர், டீ குடிக்க நிறுத்துகிறவர், வழியில் கோட்டையையோ குளத்தையோ பார்த்தால் இறங்கிவிடுகிறவர் எல்லோருக்கும் ஒற்றைப் பக்க எஸ்பிடி. நான் மூன்றாவது வகை.

மாட்டும்போது இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை என்பதை மறக்காதீர்கள். வில்லை முழுக்கத் தளர்த்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் இருபது முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். கிளீட் சரியான இடத்தில் உட்கார்ந்து முழங்கால் சத்தம் போடாமல் இருக்கிறது என்று தெரிந்த நாளில், ஷூவைக் கவிழ்த்து கிளீட்டைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த கிளீட்டை எங்கே வைப்பது என்று அந்தக் கோடு சொல்லிவிடும்.