மலாவிக்கு பார்சல் அனுப்புற மார்த்தாண்டம் கூரியர் கடை, எங்க அனுபவம்

என் தங்கச்சி சர்ஜன். வேலூர் சிஎம்சில படிச்சவ, இப்போ மாப்பிள்ளையும் ரெண்டு பிள்ளைங்களுமா ஆப்பிரிக்கால இருக்க மலாவி நாட்டுல ஒரு மிஷன் ஆஸ்பத்திரில இருக்காங்க. அவங்களுக்கு சாமான் அனுப்ப நாங்க போறது மார்த்தாண்டம் மேம்பாலம் பக்கத்துல மாடில இருக்க ஒரு சின்ன கூரியர் கடை. நம்ம மாவட்டத்துல பிள்ளைங்கள ஊழியத்துக்கு அனுப்புன வீடு நிறைய உண்டு, அவங்களுக்காகத்தான் விவரமா எழுதுதேன்.

கடைக்கார தம்பிகிட்ட எனக்கு பிடிச்சது பெட்டி விஷயம். நாங்க கொண்டு போனது எல்லா பக்கமும் 40 சென்டிமீட்டர் உள்ள அட்டைப்பெட்டி, சாமான் வெறும் 8 கிலோ தான். ஆனா ஏர் கூரியர்ல நீளம் அகலம் உயரம் மூணையும் பெருக்கி 5000ல வகுத்து வரதுதான் கணக்கு, அப்படி பாத்தா 12.8 கிலோவுக்கு காசு கட்டணும். "அக்கா இத இப்படியே அனுப்பாதீங்க"ன்னு சொல்லிட்டு அவரே எல்லாத்தையும் வெளிய எடுத்து 45க்கு 30க்கு 30 பெட்டில அடுக்குனாரு, 8.1 கிலோ வந்துச்சு. கூட வாங்க வேண்டிய காச வேண்டாம்னு சொல்லுத ஆளு எங்க கிடைப்பாங்க சொல்லுங்க.

முந்திரிக்கொத்து உடையாம இருக்க துணிக்கு நடுவுல வச்சாரு, நேந்திரங்காய் சிப்ஸ், மசாலாப்பொடி, புளி எல்லாம் ரெண்டு கவர் போட்டு சீல் பண்ணுனாரு. எண்ணெயும் ஊறுகாயும் எடுக்க மாட்டாங்க. கருவாடும் எடுக்க மாட்டாங்க, அது பரவால்ல, அங்க மலாவி ஏரில பிடிக்க உசிபான்னு ஒரு சின்ன மீன காயவச்சு விக்காங்களாம், நம்ம நெத்திலி மாதிரியே இருக்காம். மரச்சீனி கிழங்கும் அங்க தாராளமா கிடைக்கும். அவ கேக்கதெல்லாம் மசாலாவும் பிள்ளைங்களுக்கு தமிழ் ஒண்ணாங்கிளாஸ் புக்கும் தான், மாப்பிள்ளைதான் வீட்ல உக்காந்து ரெண்டுக்கும் பாடம் சொல்லி குடுக்காரு.

ஆப்பரேஷன் நடுவுல கரண்டு போயி ஜெனரேட்டர் பிடிக்கதுக்குள்ள அவ தலைல மாட்டியிருக்க லைட் வெளிச்சத்துலதான் கை ஓடணும். அந்த லைட்டுக்கு ஸ்பேர் பேட்டரி வாங்கிட்டு போனோம், லித்தியம் பேட்டரிய தனியா அனுப்ப முடியாதுன்னு நேரா சொல்லிட்டாரு. எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு, ஆனா வாங்கி வச்சிட்டு ஏர்போர்ட்ல மொத்த பெட்டியும் நின்னு போறதுக்கு இது எவ்வளவோ மேல். மழைக்காலம் நவம்பர்ல தொடங்கி ஏப்ரல் வரைக்கும் மலேரியா வார்டுல ஒரு கட்டில்ல ரெண்டு பிள்ளைங்க கெடக்கும்னு சொல்லுவா, அந்த மாசங்கள்ல அவளுக்கு போன் எடுக்கவே நேரம் இருக்காது, பெட்டி வந்தாச்சின்னு ஒரு மெசேஜ் வந்தாலே எங்களுக்கு அன்னைக்கு நிம்மதி.

குறையும் சொல்லணும். பெட்டி மும்பை தாண்டுனா ட்ராக்கிங் அப்படியே நிக்கும், போன் பண்ணுனா "வந்துரும் அக்கா" தான் பதில். அங்க போயி கஸ்டம்ஸ் டூட்டி கட்டணும்ங்கத பில் போடும்போதே சொல்லியிருக்கணும், சொல்லல, கடைசில தங்கச்சிதான் கட்டுனா. மாச சம்பளத்த எண்ணி எண்ணி செலவு பண்ணுதவங்களுக்கு அது சின்ன காசு இல்ல.

1922ல எவரெஸ்ட் ஏற இங்கிலாந்துல இருந்து வந்த சோமர்வெல் டாக்டர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் ஆஸ்பத்திரில நோயாளிங்க காத்து கெடக்கத பாத்துட்டு இங்கயே வேலைக்கு வந்தாரு. இப்போ நம்ம வீட்டு பிள்ளைங்க வேற ஊருக்கு போறாங்க. அவங்கள கவனிக்கத இந்த மாதிரி கடைங்க இன்னும் நல்லா செய்யணும்னு ஆசப்படுதேன். நான் 5க்கு 4 குடுப்பேன்.

போறவங்க ஆதார் காப்பி கொண்டு போங்க. மிஷன் ஆஸ்பத்திரி அட்ரஸ் பெரும்பாலும் பி.ஓ. பாக்ஸா இருக்கும், அது மட்டும் போதாது, எடுக்கதுக்கு ஆளு பேரும் போன் நம்பரும் வேணும். மருந்துன்னா சீட்டும் பில்லும் கேப்பாங்க. கிறிஸ்மஸுக்கு போய் சேரணும்னா நவம்பர் முதல் வாரமே குடுத்துருங்க, டிசம்பர்ல கடைல நிக்க இடம் இருக்காது.