புடு வாசலா, பத்து மாவுங் கோட்டையா?

ஊரிலிருந்து வந்த மாமா, "ஜப்பான்காரன் காலத்து இடம் ஏதாவது காட்டுப்பா" என்றார். கோலாலம்பூரில் என்றால் புடு சிறை. 1895-இல் கட்டி முடித்தது. 1942-இல் மலாயாவைப் பிடித்த ஜப்பானியர் நேச நாட்டுப் போர்க்கைதிகளை இங்கே அடைத்தார்கள். பிறகு பலரைச் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதை வேலைக்கு அனுப்பினார்கள். நம் ரப்பர் தோட்டத்துப் பாட்டன்களும் போய் மடிந்த அதே 415 கிலோமீட்டர் பாதைதான்.

2012-க்குள் சிறையை இடித்துவிட்டார்கள். மிச்சம் முன்வாசல் மட்டும். பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள், பேரங்காடி. மாமா வளைவுக்கு அடியில் நின்று, "உள்ள எங்கப்பா?" என்றார். என்ன சொல்வது?

பினாங்குத் தீவில் பத்து மாவுங் என்ற ஊரில் உள்ள கோட்டை நேர் எதிர். 1930-களில் பிரிட்டிஷார் கட்டியது, 2002 முதல் அருங்காட்சியகம். சுரங்கத்தில் குனிந்து நுழைந்தால் ஈரச் சுவர் தோளில் உரசும்; பீரங்கி மேடு, பதுங்கு அறை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஜப்பானியர் சிறை முகாமாக வைத்திருந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் பேய்க்கதைக்குத்தான் அங்கே மவுசு அதிகம். செத்தவனை வைத்துப் பயம் காட்டுவது எனக்குச் சகிக்கவில்லை.

ஆனாலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பத்து மாவுங்தான். கதையைத் திருத்திக்கொள்ளலாம், இடித்த சுவரை எழுப்ப முடியாது. நேரம் இல்லாதவர்கள் புடு வாசலைப் பார்க்கலாம், பத்து நிமிடம் போதும். சயாமுக்குப் போனவர்களின் பெயர் இரண்டு இடத்திலும் என் கண்ணில் படவில்லை. மாமாவுக்கு மூன்று பெயர் தெரியும். எழுதி வாங்கிக்கொண்டேன்.