பழைய டிகோடரை வெட்டிவிடலாமா?

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலிருந்து அக்கா ஒருவர் தன் கல்யாண விசிடி இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். 2003-இல் ராயபுரத்து மண்டபம் ஒன்றில் எடுத்த படம். விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மறுபேச்சில்லாமல் ஓட்டியது: எம்பெக்-1 என்ற பழைய வீடியோ வடிவம், 352×288, நொடிக்கு 25 சட்டகம். கீறல் விழுந்த இடங்களில் வாசல் வாழைமரம் கட்டம் கட்டமாகச் சிதறியது. தாலி கட்டும் நேரம் தப்பித்திருந்தது. லினக்ஸில் கோப்பை நகலெடுக்கப் போனால் மட்டும் பிழைச் செய்தி. அது கோடெக்கின், அதாவது படத்தைச் சுருக்கி விரிக்கும் முறையின், குற்றமல்ல. பிழைதிருத்தத்துக்கான இடத்தையும் விசிடி படத்துக்கே கொடுத்துவிடுகிறது; வட்டின் ஒரு செக்டரில் (சிறு துண்டில்) 2048 பைட்டுக்குப் பதில் 2324. விசிடிக்கென்றே உள்ள கருவியால்தான் உருவ முடிந்தது.

இப்படிப்பட்ட வடிவங்களைத் திறமூல மென்பொருள் எவ்வளவு காலம் சுமப்பது?

வீடியோ, ஆடியோ கோப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் திறமூல மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் சுமக்கிறது. சினிபாக், இந்தியோ, ரியல்வீடியோ என்ற பழைய வீடியோ வடிவங்கள் எல்லாம் இன்னமும் உள்ளே இருக்கின்றன. உறைந்துபோன வடிவம் இனி மாறப்போவதில்லை; அதைப் படித்துப் படமாக விரிக்கும் டிகோடரை ஒருமுறை எழுதினால் போதும், பிறகு யாராவது தெரியாமல் உடைத்தால் ஃபேட் என்ற தானியங்கிச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025-இல் கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கருவி, லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் 1990-களின் விளையாட்டுகளுக்கான ஸ்மஷ் டிகோடரில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தது. சொல்வது பெருநிறுவனம், அடைப்பது சம்பளமில்லாத தன்னார்வலர் என்று எஃப்எஃப்எம்பெக் தரப்பு கொதித்தது. கொதிப்பு நியாயம்தான், ஓட்டையும் உண்மைதான்.

உலாவிகள் வெட்டுகின்றன. தியோரா என்ற பழைய வீடியோ வடிவத்தை நீக்கப்போவதாக 2023-இல் குரோம் அறிவித்தது. 2024-இல் ஃபயர்ஃபாக்ஸ் நீக்கியே விட்டது. ஊர் பேர் தெரியாதவன் அனுப்பும் கோப்பையெல்லாம் கேட்காமல் திறக்கும் மென்பொருளுக்கு அதுதான் சரி.

பழையவற்றைத் தனிச் செருகுநிரலாகப் பிரித்துவிடலாம் என்பது மூன்றாவது யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை. கரையேற்றிய படகைப் பருவக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அந்த அக்காவைக் கேட்டாலே சொல்வார். மூல நிரலோடு சேர்ந்து கட்டப்படாத டிகோடர், உள் அமைப்பு இரண்டு முறை மாறினால் கம்பைல் கூட ஆகாது.

எல்லாவற்றையும் இன்றே, பரவலாக ஓடும் ஹெச்.264 வடிவத்துக்கு மாற்றிவிட்டால் போதாதா? மறுபடி சுருக்கும்போது தரம் இன்னும் கொஞ்சம் போகும். மாற்றுவதற்கும் டிகோடர் வேண்டும்.

என் கட்சி இதுதான்: படிக்கும் பகுதி உள்ளேயே இருக்கட்டும், எழுதும் பகுதி போகட்டும். சினிபாக்கில் இனி யார் படம் பதியப்போகிறார்கள்? கண்டவர் கோப்பையும் வாங்கும் சர்வர் நடத்துகிறவர், எஃப்எஃப்எம்பெக்கைக் கட்டும்போதே எல்லா டிகோடரையும் அணைத்துவிட்டு வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி இயக்கிக்கொள்ளலாம். அந்த வசதி முன்பே இருக்கிறது, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

அக்காவுக்குப் பென் டிரைவில் உருவிய எம்பெக் கோப்பையும், ஃபோனுக்கென்று ஒரு ஹெச்.264 நகலையும் போட்டுக் கொடுத்தேன். ஃபோன் நகலைத்தான் பார்ப்பார். டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.