எம்கியூவோடு பேச மூன்று வழிகள்

ஒரு பக்கம் ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் அப்ளிகேஷன் சர்வர், இன்னொரு பக்கம் மெசேஜ்களைக் கியூவில் (வரிசையில்) வைத்துக் கொண்டுசேர்க்கும் ஐபிஎம் எம்கியூ. வங்கி, இன்சூரன்ஸ் வேலைக்குப் போனவர்கள் இந்த ஜோடியை எங்காவது சந்தித்திருப்பார்கள். 1993-ல் எம்கியூசீரீஸ் என்று வந்து, நடுவில் வெப்ஸ்பியர் எம்கியூ ஆகி, 2014-லிருந்து ஐபிஎம் எம்கியூ என்ற பெயரில் ஓடுகிறது. இரண்டையும் இணைக்க மூன்று வழிகள் உண்டு: கிளையன்ட் ஜார் (எம்கியூவோடு பேசும் ஜாவா லைப்ரரி), ரிசோர்ஸ் அடாப்டர், பிரிட்ஜ்.

ஜார் வழி அரை நாள் வேலை. அப்ளிகேஷனுக்குள் ஜாரைப் போட்டு, 1414 போர்ட்டுக்குக் கனெக்ஷன் எடுத்து, மெசேஜை அனுப்பினால் போய்விடும். டெமோவுக்கு ஜோர். ஆனால் நீங்கள் அனுப்பியது, எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்று வேலைகளைக் கட்டிவைக்கும் சர்வரின் ட்ரான்ஸாக்‌ஷனுக்குத் தெரியாது. டேட்டாபேஸ் கமிட் ஆன அடுத்த நொடி சர்வர் விழுந்தால் பதிவு இருக்கும், மெசேஜ் இருக்காது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி விடுபட்டவற்றைத் தினமும் காலையில் எக்ஸெலில் ஒப்பிட்டுத் தேடிக்கொண்டிருந்தோம். கனெக்ஷன் பூலும் (திரும்பப் பயன்படுத்தத் திறந்து வைத்திருக்கும் கனெக்ஷன்கள்) கியூவைக் கேட்கும் த்ரெட்டும் உங்கள் தலையில்தான்.

இந்தச் சுமைகளையெல்லாம் சர்வரிடமே தள்ளிவிடுவதுதான் ரிசோர்ஸ் அடாப்டர். பூல், எக்ஸ்ஏ (டேட்டாபேஸையும் கியூவையும் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் சேர்ப்பது), மெசேஜ் வந்ததும் எம்டிபியை (மெசேஜைக் கையாளும் நம் ஜாவா கோடை) எழுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. ஐபிஎம்மின் வெப்ஸ்பியர் சர்வரில் கூடவே வருகிறது. வைல்ட்ஃப்ளை என்ற ஓப்பன்சோர்ஸ் சர்வரில் ஐபிஎம் தரும் ஆர்ஏஆர் கோப்பை (அடாப்டரின் பொதி) நாமே டெப்ளாய் செய்ய வேண்டும். வைல்ட்ஃப்ளை 27 முதல் எல்லாம் ஜகார்த்தாமயம் (ஜாவா இஇ-யின் புதிய பெயர், பேக்கேஜ் பெயர்களும் மாறின) என்பதால் பழைய ஆர்ஏஆர் ஒட்டாது, எம்கியூ 9.3-லிருந்து வரும் ஜகார்த்தா ஆர்ஏஆர்தான் வேண்டும்.

முதல் நாளே 2035 பிழை வரும். அனுமதி இல்லை என்று அர்த்தம். எம்கியூ 7.1-லிருந்து புதிதாக உருவாக்கும் கியூ மேனேஜர்கள் (கியூக்களை நடத்தும் எம்கியூ சர்வர்கள்) அட்மின் உரிமையுள்ள யூசர்கள் சேனல் (கிளையன்ட் உள்ளே வரும் பாதை) வழியாக நுழைவதைத் தடுக்கின்றன. அவசரத்தில் அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாமே, தனி யூசர் ஒன்றை உருவாக்கி உரிமை கொடுங்கள்.

இன்னொரு பொறி, கோளாறான மெசேஜ். எத்தனை தடவை தோற்றால் மெசேஜை ஒதுக்குவது என்ற எண்தான் கியூவின் பேக்அவுட் த்ரெஷோல்ட். அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது தடுப்பு இல்லை. எம்டிபி தோற்று ரோல்பேக் ஆனால் அதே மெசேஜ் திரும்ப வரும், திரும்பத் தோற்கும், சிபியு ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணையும், ஒதுக்கியவை போய்ச் சேரும் பேக்அவுட் கியூவையும் முதலிலேயே வைத்துவிடுங்கள். எக்ஸ்ஏ போட்டவர்கள் சர்வரின் ட்ரான்ஸாக்‌ஷன் லாகையும் பத்திரப்படுத்த வேண்டும். கன்டெய்னரை அழிக்கும்போது அந்த டிஸ்க்கும் போனால், பாதியில் நின்ற மெசேஜ்கள் கியூ மேனேஜரில் அந்தரத்தில் தொங்கும்.

சர்வரும் கியூ மேனேஜரும் ஒரே மெஷினில் இருந்தால் பைண்டிங்ஸ் மோடில் நெட்வொர்க் (டிசிபி) இல்லாமல் நேரடியாகப் பேசலாம். வேகம்தான், ஆனால் சர்வரை நகர்த்தினால் கியூ மேனேஜரையும் நகர்த்த வேண்டும். எனக்கு அது ஒத்துவரவில்லை.

பிரிட்ஜ், ஆரக்கிளின் வெப்லாஜிக் சர்வர்காரர்களுக்குப் பழக்கமானது. அப்ளிகேஷன் வெப்லாஜிக்குக்குள்ளேயே இருக்கும் உள்ளூர் ஜேஎம்எஸ் (ஜாவாவின் மெசேஜிங் முறை) கியூவில் போடும், பிரிட்ஜ் எம்கியூவுக்குக் கடத்தும். எம்கியூ மூன்று மணி நேரம் படுத்தாலும் அப்ளிகேஷனுக்கு உறைக்காது. கடத்தும் தரத்தை மூன்று விதமாக வைக்கலாம். சரியாக ஒரு தடவை மட்டும் போக வேண்டுமென்றால் இரு பக்கமும் எக்ஸ்ஏ வேண்டும். கேட்டுப் பதில் பெறும் வேலைக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள். மறுமுனையில் மெசேஜ் ஐடி புதிதாகிவிடும், பதில் எந்தக் கேள்விக்கு என்று சேர்க்க முடியாமல் திண்டாடுவீர்கள்.

வெப்லாஜிக்கின் ஃபாரின் சர்வரைச் சிலர் பிரிட்ஜோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது எதையும் கடத்தாது. எம்கியூவின் கியூவை உள்ளூர் ஜேஎன்டிஐ (சர்வரின் பெயர்ப் பட்டியல்) பெயரில் காட்டும், அவ்வளவுதான். எம்டிபி நேரடியாக எம்கியூவையே கேட்கும்.

என் தேர்வு பெரும்பாலும் ரிசோர்ஸ் அடாப்டர், வெப்லாஜிக் என்றால் ஃபாரின் சர்வர். எம்கியூ வேறு துறையிடம் இருந்து, அவர்கள் வாராவாரம் பராமரிப்புக்கு நிறுத்துகிறார்கள் என்றால் பிரிட்ஜ். ஜார், இரவில் தனியாக ஓடும் பேட்ச் வேலைக்கு.