டோமினோ கட்டை: எழுத்தாகவா, படமாகவா?

டோமினோ கட்டையைத் திரையில் காட்ட இரண்டு வழி: யூனிகோட் (எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுத் தரம்) எழுத்தாகத் தட்டுவது, அல்லது எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத வரைபட வடிவம்) படமாக வரைவது.

யூனிகோட் 2008-இல் வந்த 5.1 பதிப்பில் இதற்கென 100 குறிகளைச் சேர்த்தது. நிஜப் பெட்டியில் இருப்பதோ 28 கட்டைகள்தான். யூனிகோடில் 3-5 (ஒரு பாதியில் 3 புள்ளி, மறுபாதியில் 5), 5-3 இரண்டும் தனித்தனி; அதனால்தான் இத்தனை. படுத்தபடி 49, நின்றபடி 49, பின்பக்கம் 2. இந்த வரிசையில் ஓர் அழகு உண்டு. படுத்த 0-0-வின் யூனிகோட் எண் 127025. இடப்பக்கப் புள்ளிகளை 7-ஆல் பெருக்கி, வலப்பக்கத்தைக் கூட்டினால் போதும்: 3-5-க்கு 26, ஆக 127051. நிற்க வைக்க 50 கூட்டுங்கள், அவ்வளவுதான்! விளையாட்டு நிரல் எழுதுபவருக்கு இது வரம். நகலெடுத்து ஒட்டலாம், தேடலாம்.

சிக்கல் எழுத்துருவில். அந்தக் குறி இல்லாத எழுத்துரு என்றால் வெறும் பெட்டிதான் தெரியும். குறி இருக்கும் எழுத்துருவிலும், சாதாரண உரையின் எழுத்தளவில் புள்ளிகள் ஈக்கூட்டம் மாதிரி அப்பிக்கொள்ளும். இவை ஈமோஜியும் அல்ல, வண்ணம் தானாக வராது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ஒரு கட்டையின் நீளம் 1 அல்ல, 2 என்று வரும். அந்த நீளத்தை நம்பி உரையை வெட்டினால் கட்டை பாதியில் உடையும்.

எஸ்விஜி-யில் இந்தத் தொல்லை கிடையாது. நிழல், நிறம், எந்தக் கோணத்திலும் சாய்வு எல்லாம் நம் கையில். 9-9 வரை போகும் பெரிய செட்டுக்கு இதுவே வழி, யூனிகோட் 6-உடன் நின்றுவிடுகிறது. மாற்று உரையை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கான விவரிப்பு) மட்டும் நாமே எழுத வேண்டும்.

லோகோ, சுவரொட்டி என்றால் நான் யோசிக்காமல் படத்துக்குப் போவேன். ஆட்டக் குறிப்பு, அரட்டை, டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரை) என்றால் எழுத்துதான். அப்புறம், எழுத்தளவை இரண்டு மடங்காக்க மறக்காதீர்கள்.